அப்பா பார்த்த பாலைவனம்

பதினோரு வருடங்கள், நான் கண்ணால் பார்க்காத ஒரு நிலத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நான்தான் பூகோள டீச்சர். ஆடிக் காற்று வீசும் சமயத்தில் பாலைவனப் பாடம் வரும். கரும்பலகையில் பிறைநிலா மாதிரி ஒரு மணல்மேடு வரைவேன். காற்று வருகிற பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும் என்று அம்புக்குறி போடுவேன். பிள்ளைகள் மௌனமாகப் பார்த்து வரைந்துகொள்வார்கள். என் மணல்மேடு பெரும்பாலும் ஒரு முந்திரிப்பருப்பு போலத்தான் வந்து நிற்கும்.

மறுநாள் பாடத்தை முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். நான் காலேஜில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோதும் சரி, அப்பா ரிட்டயர் ஆனபின் அதற்குப் பக்கத்திலேயே வாடகை வீட்டுக்கு வந்தபோதும் சரி, நான் உள்ளறையில் நடந்துகொண்டே பாடம் சொல்வேன். அப்பா முன்னறையில் நாற்காலியில் சாய்ந்திருப்பார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாது.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் பிரிவில் இருந்தவர். ரயில் பெட்டிகளின் மேல் எண்களும் எழுத்துகளும் எழுதுவது அவர் வேலை. எங்காவது பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போது ஒரு பெட்டியின் முன்னால் நின்றுவிடுவார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த மூணு என்னுது" என்பார். மூன்றின் மேல்வளைவில் அவருக்கென்று ஒரு சாய்வு இருந்தது. எனக்கும் அது தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு புரட்டாசி மாதம், அவருடைய கண்ணைக் காட்டத் தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் போனோம். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்துப் போனது. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"இது நரம்புல இருக்கற கோளாறுங்க. ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள வரும், திரையை இழுத்துட்டு வர்ற மாதிரி. சொட்டு மருந்து விட்டா மெதுவா வரும். நிக்காது."

"எவ்வளவு நாள்ல?" என்று அப்பாவே கேட்டார்.

"ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு ஆகலாம். பார்க்கணும்னு ஏதாவது ஆசை இருந்தா தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்தபின் நான்தான் கேட்டேன். "வேளாங்கண்ணி போயிட்டு வரலாமாப்பா?"

"அதான் வருஷா வருஷம் போறோமே."

"கோவா? பெரிய கோயில் இருக்கு, கடல் இருக்கு."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாலைவனம் பார்க்கணும்."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நீ தொண்டை கட்டற மாதிரி வருஷா வருஷம் சொல்றியே, அந்த மணல்மேடு. அப்படி ஒண்ணு நிஜமா இருக்கான்னு பார்த்துடுவோம். நீயும்தானே பார்த்ததில்ல."

ரிட்டயர் ஆனவர்களுக்கு ரயில்வேயில் இலவச பாஸ் உண்டு. அதில் கல்யாணமாகாத மகளையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு முப்பத்தாறு வயது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதும்போதெல்லாம் உள்ளே ஏதோ சுருங்கும். அந்த முறை சுருங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ரயில்வே வரைபடத்தில், மேற்கே தண்டவாளம் முடிகிற புள்ளியில் விரல் வைத்தேன். ஜெய்சல்மேர். அதற்கு அப்பால் கோடு இல்லை.

எனக்கு ஹிந்தி ஒரு எழுத்துத் தெரியாது. எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் ஸ்ரீரங்கத்துக்காரர், சின்ன வயதிலேயே ஹிந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவர். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். உத்தர வீதியில், மதிலை ஒட்டிய வீடு. அவருக்கு என் பயணம் பிடிபடவே இல்லை.

"ரெண்டு பக்கமும் ஜலம் ஓடற ஊர்ல இருந்துண்டு, மணலைப் பார்க்க அவ்வளவு தூரம் போவாளா யாராவது? சரி, பத்து வாக்கியம் சொல்லித் தரேன். நெட்டுருப் போட்டுடுங்கோ."

தண்ணீர் எங்கே கிடைக்கும், ரயில் எப்போது புறப்படும் என்று அவர் எழுதிக்கொடுத்தவற்றில் ஏழாவது, 'என் அப்பாவுக்குக் கண் தெரியாது.'

"இது வேண்டாமே டீச்சர். அவருக்குத் தெரியுதே" என்றேன்.

"இருக்கட்டும். சொல்லியாகணும்னு இல்லையே. ஒரு காபந்துக்கு."

மற்ற ஒன்பதையும் படித்தேன். ஏழாவதையும் மனம் தானாகவே படித்துவைத்துக்கொண்டது.

பொங்கல் லீவோடு என் லீவையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினோம். போய்ச் சேர நான்கு நாட்கள் ஆயின. மெட்ராஸில் ஒரு பகல், டெல்லியில் ஒரு பகல், மற்றதெல்லாம் ரயில். அப்பாவுக்கு ஜன்னல் இடம். கிருஷ்ணா வந்தபோது சொன்னேன், கோதாவரி வந்தபோது சொன்னேன். நர்மதைப் பாலத்தில் ரயில் தடதடக்கும்போது அப்பாவின் தோளைத் தட்டி, "கீழ பாருங்கப்பா, படகு போகுது" என்றேன்.

"ஆமா, தெரியுது" என்றார் அப்பா. "நல்ல அகலம்."

வடக்கே போகப் போகக் குளிர் ஏறியது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முகத்தை ஜன்னலுக்கு நேராக வைத்து, அப்பா ஒரு புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். நான் காட்டிய எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒட்டகம் தெரிகிறது என்றேன், ஆமாம் என்றார். மயில் என்றேன், ஆமாம் என்றார். இவ்வளவு தூரம் வந்தது வீண்போகவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜோத்பூரிலிருந்து கடைசி ரயில். காலையில் கண் விழித்தபோது பல்லில் மணல் நறநறத்தது. மூடிய ஜன்னலின் இடுக்கு வழியாக வந்து, எங்கள் போர்வை மடிப்புகளில், என் ஜடையில், அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் எல்லாம் மெல்லிய மணல் படிந்திருந்தது. வெளியே மரம் இல்லை, வீடு இல்லை. கம்பிவேலி கூட இல்லாமல் நிலம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ரயில் ஓடுகிறதா, நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே கோட்டை. மண்ணிலிருந்து கட்டியதுபோல் இல்லை, மண்ணே கொஞ்சம் எழுந்து நின்று பார்ப்பதுபோல் இருந்தது. அந்தக் கோட்டைக்குள் ராஜா இல்லை, ஜனங்கள் இருந்தார்கள். சந்துகளில் துணி காய்ந்தது, பசு குறுக்கே படுத்திருந்தது, ஒரு வீட்டு மாடியில் யாரோ பள்ளிக்கூடப் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். மதிலுக்குள் ஊர் என்றால் எனக்குத் தெரிந்தது ஸ்ரீரங்கம்தான். ஏழு மதில்களுக்குள் தண்ணீர் வண்டியும் தபால்காரரும் ஐஸ் விற்பவரும் போகிற ஊரைப் பார்த்த கண்ணுக்கு, இந்தச் சின்னக் கோட்டை தூரத்துச் சொந்தக்காரர் வீடு மாதிரி இருந்தது. சந்துகள் எல்லாம் வளைந்து வளைந்து மறுபடி புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டன. கோட்டையின் கீழே ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தோம். சுவரெல்லாம் கல். பகலில் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு ஜீப்பில் இடம் பிடித்து மணல்மேடுகளுக்குப் போனோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. சாலை முடிந்த இடத்தில் ஒட்டகத்தோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். சிவப்புத் தலைப்பாகை, காதில் வளையம். அப்பா ஒட்டகத்தின் மேல் ஏறியே தீருவேன் என்றார். அது எழும்போது முன்னும் பின்னும் சாய்ந்ததில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. நான் பக்கத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பின் மதிய வெயில், ஆனாலும் மணலில் சூடு இல்லை. ஆற்று மணல்போல் உறுத்தவும் இல்லை. மாவு மாதிரி, விரல்களுக்கு நடுவே வழிந்தது.

ஒரு பள்ளத்தில் ஒட்டகம் மடங்கி உட்கார்ந்தது. அப்பா இறங்கி நின்றார்.

"சத்தம் எங்கே போச்சு?" என்றார்.

"என்ன சத்தம்ப்பா?"

"எல்லாச் சத்தமும். இவ்வளவு அமைதியா இருக்கும்னு நீ பாடத்துல சொல்லவே இல்லையே."

"எனக்குத் தெரியாதுப்பா."

அவரை ஒட்டகத்தின் நிழலில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் மேட்டில் ஏறினேன். உச்சிக்குப் போனதும் நின்றுவிட்டேன். கூர்மையான அந்த விளிம்பின் மேல் மணல் புகையாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சாய்வு. அந்தப் பக்கம் செங்குத்து. பதினோரு வருடம் நான் போட்ட அம்புக்குறி என் கால் நடுவே ஓடியது. அதற்கு அப்பால் இன்னொரு பிறை, அதற்கு அப்பால் இன்னொன்று, எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பி. நான் டீச்சர் என்பது மறந்துபோயிற்று. உட்கார்ந்து சறுக்கி அடுத்த பள்ளத்தில் இறங்கினேன், அடுத்த மேட்டில் ஏறினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தூக்கத்தில் நடப்பதுபோல்தான் நடந்தேன்.

ஒரு மேட்டின் மேலிருந்து திரும்பிப் பார்த்தேன். அப்பா தூரத்தில், என்னைப் பார்த்தபடி எழுந்து நின்றிருந்தார். கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. முந்தானையை அவிழ்த்து வீசிக் காட்டினேன். முகம் என் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் சும்மா நின்றிருந்தார்.

திரும்பி வந்தபோது அவர் அங்கே இல்லை.

ஒட்டகக்காரர் கொஞ்சம் தள்ளி ஒரு முள்புதர் அருகே ஒட்டகத்தை மேயவிட்டிருந்தார். அப்பா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு பத்து அடிகள் தடம் போயிற்று. அதன்பின் மணல் வழவழவென்று, யாருமே நடக்காததுபோல் கிடந்தது. "அப்பா" என்று கத்தினேன். குரல் வாயை விட்டு வெளியே போனதும் காற்று அதை எடுத்துக்கொண்டது. ஒட்டகக்காரரிடம் ஓடினேன். பத்து வாக்கியங்களில் ஒன்று கூட ஞாபகம் வரவில்லை. கையைக் காலை ஆட்டினேன். அவர் புரியாமல் பார்த்தார். அப்போது அந்த ஏழாவது வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகாமல், என் வாயிலிருந்து வந்தது. என் அப்பாவுக்குக் கண் தெரியாது.

சொன்னபிறகுதான் நான் அதைக் கேட்டேன். நர்மதை, ஒட்டகம், மயில், நான் வீசிய முந்தானை எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

பெரியவர் தரையைப் பார்த்தபடி ஒரு வளைவாக நடந்தார். எனக்கு வெறும் மணலாகத் தெரிந்ததில் அவருக்கு என்ன தெரிந்ததோ. மேட்டைச் சுற்றிப் போய் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

மேட்டின் மறுபக்கத்தில், செங்குத்துச் சரிவின் அடியில், காற்று படாத இடத்தில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். செருப்புகள் ஒழுங்காகப் பக்கத்தில் இருந்தன. சரிவில் கையை வைத்து, மணல் உதிர்ந்து விழுவதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? நீ சொன்னது சரிதான்ம்மா. இந்தப் பக்கம் செங்குத்துதான். விளிம்பைப் புடிச்சுக்கிட்டே சுத்தி வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. "யாரைக் கேட்டு எழுந்து வந்தீங்க? நான் எங்கேன்னு தேடறது?" என்று கத்தினேன். பிறகு அவர் எதிரே மணலில் உட்கார்ந்து அழுதேன். ஒட்டகக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

"நான் கை ஆட்டினேனே, பார்த்தீங்களா?"

அப்பா செருப்பை எடுத்து மணலைத் தட்டினார்.

"நர்மதையில படகு பார்த்தீங்களா?"

"இல்லம்மா."

"எப்போ இருந்துப்பா?"

"இடது கண்ணு கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே போயிடுச்சு. குடிலுக்கு ஸ்டார் வரையச் சொன்னப்போ கை வலிக்குதுன்னு சொன்னேன்ல, அப்பவே. வலது கண்ணுல நேரா பார்த்தா ஒரு வளையல் அளவு தெரியும். கிட்டத்துல இருந்தா. அவ்வளவுதான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கூட்டிட்டு வந்திருக்க மாட்டே. டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போயிருப்பே."

உண்மைதான். அவர் கொஞ்ச நேரம் மணலை அளைந்தார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். ஊர்ல நடந்தா பக்கத்துல என்ன வருதுன்னு தெரியாது. சைக்கிளா, ஆளா, மாடா. எந்நேரமும் ஏதோ ஒண்ணு எனக்குத் தெரியாம நடந்துகிட்டு இருக்கும். இங்கே அந்தப் பயமே இல்ல. நடுவுல பார்த்தாலும் மணல்தான், ஓரத்துலயும் மணல்தான். எனக்கு எதுவும் குறைஞ்ச மாதிரி இல்லம்மா. உனக்குத் தெரியறது எல்லாம் எனக்கும் தெரியுது."

காற்று எங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. விளிம்பிலிருந்து மணல் சன்னமாகக் கொட்டி, அவர் வெள்ளை முடியில் விழுந்தது. நான் தட்டிவிடவில்லை.

"சரி, இனிமே நீ சொல்லு," என்றார். "இப்போ என்ன கலர்?"

"மஞ்சள்."

"மஞ்சள்னு ஒரு கலர் கிடையாது. முப்பது வருஷம் பெயின்ட் ஷாப்ல இருந்தவன்கிட்ட மஞ்சள்னா எப்படி?"

பார்த்தேன். முதல்முறையாக ஒரு நிறத்தை உட்கார்ந்து பார்த்தேன். "வேகவச்ச துவரம்பருப்பு ஆறினா மேல ஒரு ஏடு கட்டுமே, அது. வெயில் படற பக்கம்."

"ம். நிழல்?"

"நிழல் கறுப்பா இல்லப்பா. கத்தரிப்பூ மாதிரி இருக்கு. இல்ல, அதுல பால் ஊத்தின மாதிரி."

"கொஞ்சம் நீலமும் ஒரு சொட்டு சிவப்பும், மீதி வெள்ளை," என்று அப்பா கைவிரலால் காற்றில் கலந்தார். "இப்போ தெரியுது."

சூரியன் இறங்குகிற வரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். நிறம் மாறுகிற வேகத்துக்கு என் வார்த்தைகளால் ஓட முடியவில்லை. சில சமயம் அவரே, "இப்போ செங்கல் பொடி வந்திருக்கணுமே" என்பார். வந்திருக்கும்.

அதன்பின் இரண்டு நாட்கள் அந்த ஊரில் இருந்தோம். நான் எதையும் கைநீட்டிக் காட்டவில்லை. ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்குப் போனோம். மழைத்தண்ணீரை மட்டும் நம்பி யாரோ ஒரு ராஜா வெட்டியது. படிகளில் பெண்கள் பித்தளைக் குடங்களோடு இறங்கினார்கள். குடத்தைத் தண்ணீரில் முக்குகிற சத்தத்தை வைத்தே, ஏரியில் தண்ணீர் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அப்பா சொன்னார். கடைசி நாள், ஜனங்கள் விட்டுப்போன ஒரு கிராமத்துக்கு ஜீப் போனது. கூரையில்லாத கல்வீடுகள், நேர்நேரான தெருக்கள், எங்கும் ஆள் இல்லை. வெகுகாலத்துக்கு முன்னால் ஊர் மொத்தமும் ஒரே நாளில் எழுந்து போய்விட்டதாம். ஏன் என்று ஜீப் டிரைவர் அரைகுறை இங்கிலீஷில் ஒரு கதை சொன்னார், விடுதிக்காரர் வேறு கதை சொன்னார். நான் தெருவின் நீளத்தையும் சுவரின் நிறத்தையும் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா ஒரு வீட்டின் வாசற்கல்லைத் தடவியவர் நின்றார்.

"இங்கே கத்தி தீட்டியிருக்காங்க. பாரு."

குனிந்து பார்த்தேன். கல்லில் விரல் அகலத்துக்கு வழுவழுப்பான பள்ளங்கள், ஐந்து இருந்தன. அவர் சொல்லாவிட்டால் நான் தாண்டிப் போயிருப்பேன். தினமும் யாரோ அங்கே உட்கார்ந்து காய் நறுக்கக் கத்தி தீட்டியிருக்கிறார்கள். கிளம்பிய அன்று காலையிலும் தீட்டியிருக்கலாம். அப்பா ஐந்து பள்ளத்திலும் ஐந்து விரலை வைத்துப் பார்த்தார். அந்தத் தெருவில் நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வெயில் இதமாக இருந்தது. யாராவது வந்து, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டுவிடுவார்கள் போலிருந்தது.

திரும்பும் வழியில் நர்மதை வந்தபோது அப்பாதான் என்னை எழுப்பினார். "பாலம் வருது. படகு இருக்கா பாரு" என்றார். பார்த்துச் சொன்னேன்.

அடுத்த ஐப்பசிக்குள் அந்த வளையல் அளவு வெளிச்சமும் போய்விட்டது. முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருந்தது. கதவில் மோதிக்கொண்டார், என்மேல் எரிந்து விழுந்தார், ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் படுத்திருந்தார். பிறகு மெல்ல எழுந்தார். வீட்டிலிருந்து கோயில் வரை உள்ள சுவர்களையும் வாசல்களையும் கையாலேயே படித்துக்கொண்டார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தனியாகவே போய் வந்தார். தெரிந்தவர்கள் யாராவது கையைப் பிடிக்க வந்தால், "போங்க, நானே வரேன்" என்பார்.

மறுவருடம் பாஸ் எடுக்கும் சமயம் வந்தது. எங்கே போகலாம் என்று கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ரயில் வேண்டாம் இந்தத் தடவை. பச்சைமலைக்குப் போவோம். பக்கத்துலயே இருந்துகிட்டு ஒரு நாளும் போனதில்ல."

மலைக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ். காலை பஸ்ஸைப் பிடித்து, வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி ஏறினோம். மேலே ஒரு சின்ன ஊரில் எங்களை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. மழை வருவதுபோல் இருந்தது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். என் தோளில் கை வைத்தார்.

"சொல்லு," என்றார். "பச்சைன்னு மட்டும் சொல்லாதே."